நாகம்மாளுக்கு விழுந்த அடி

ஆண்டாளம்மாளை அவள் தம்பி பலராமன் ஒருநாளும் அடித்ததில்லை. அவரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார், பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய அந்தத் தெருவும் ஆமாம் என்று தலையாட்டும். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த வீட்டில் புளிய விளாற்றால் அடி வாங்கியது நாகம்மாள். நாகம்மாள் ஏரியில் விழுந்து செத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. செத்தவளை அடித்தால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

ஆண்டாளம்மாள் கல்யாணமான மறு வருஷமே தாலியறுத்துக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்தவள். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, இடுப்பில் ஏறிய தம்பியை அவன் மீசை முளைக்கும்வரை இறக்கிவிடவில்லை என்று ஊரில் கேலி பேசுவார்கள். பலராமனுக்குப் பெண் பார்த்ததும் அவள்தான், காணி நிலத்தில் கரும்பு வைக்கச் சொன்னதும் அவள்தான். அவள் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவள் எழுபது வயசு தாண்டியதும் வேறு ஆளாகிப் போனாள். வெறும் பானையை அடுப்பில் ஏற்றி எரிய விட்டாள். செத்துப்போன அப்பாவுக்குச் சோறு போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பலராமனின் மனைவி கஸ்தூரியைப் பார்த்து, "நீ யாருடி? என் தம்பி வூட்டுல உனக்கு இன்னா வேல?" என்று கேட்டாள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, வண்டிக்காரர்களே கூசுகிற வார்த்தைகளை வேறு சொன்னாள். ஒருநாள் உச்சி வெயிலில் ஏரித் தண்ணீரில் முழங்கால் நனைய நின்றுகொண்டிருந்தாள். நாகம்மாள் விழுந்த அதே இடம். நாகம்மாள்தான் பிடித்திருக்கிறாள் என்பதற்கு ஊருக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

கிருமாம்பாக்கத்துக்கு அந்தப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்தான் பேயோட்டுகிற இருசப்பன். ஆண்டாளம்மாளை உட்கார வைத்து, "பேரச் சொல்லு" என்றான். அவள் திருதிருவென்று விழித்தாள். விளாறு இறங்கியது. "ஏரியில வுழுந்தவதான நீ? நாகம்மாதான?" என்று அவனே எடுத்துக் கொடுத்தான். நாலைந்து அடிக்குப் பிறகு அவள், "ஆமாம், நாகம்மா" என்றாள். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"இனிமே நீதான் அடிக்கணும், பலராமா" என்றான் இருசப்பன். "ரத்த சம்பந்தம் இருக்கற கைக்குத்தான் அது பயப்படும். அடி உங்க அக்கா மேல வுழாது, அது மேலதான் வுழும். பேரக் கேளு. நாகம்மான்னு ஒத்துக்கினா அன்னிக்கி வுட்டுடு. அமாவாச அன்னிக்கி நான் வந்து ஏரியில மூணு முழுக்குப் போட்டு, தலமுடிய மரத்துல வச்சி ஆணி அடிச்சிடறேன். அப்புறம் உங்க அக்கா உனக்கு."

"அடிக்கறப்ப அக்கா மாதிரியே அழுதா இன்னா பண்றது?" என்று பலராமன் கேட்டார்.

"அழும். உங்க அக்கா கொரல்லயே அழும். ஏமாந்துடாத."

பலராமன் ஏமாறவில்லை. முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். "நோவுது தம்பி" என்று குரல் வந்தது. அக்கா குரலில் அழுதால் அது பேய். அழாமல் வெறித்துப் பார்த்தால் அதுவும் பேய். நாகம்மா என்று ஒத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். எப்படிப் பார்த்தாலும் பேய்தான், அக்கா வந்து நிற்க ஒரு இடுக்குக்கூட இருசப்பன் விட்டுவைக்கவில்லை. அடித்து முடித்ததும் பலராமன் தேங்காயெண்ணெயைச் சுடவைத்து அதே முதுகிலும் கைகளிலும் தடவுவார். யாரை அடித்தோம், யாருக்குத் தடவுகிறோம் என்று யோசிக்கப் போனால் தலை சுற்றியது. அமாவாசை வரட்டும் என்று எழுந்து போய்விடுவார்.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பக்கத்து ஊரில் வாந்திபேதி கண்டது. எல்லோரும் காலரா ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து தண்டோரா போட்டார்கள். மாரியம்மன் கோயில் எதிரில் ஒரு மேஜையைப் போட்டு, ஊசியைக் கொதிக்கவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் நர்ஸ் அமுதம். காலையிலிருந்து குத்திக் குத்திக் கை ஓய்ந்துபோன முகம்.

"அவங்களுக்கு வாணாம். நாலு பேரு கையில இருக்கற தழும்ப பாப்பாங்க" என்றாள் கஸ்தூரி.

பலராமன் கேட்கவில்லை. பேய் போன பிறகு அக்காவைக் காலரா தூக்கிக்கொண்டு போய்விட்டால் இத்தனை பாடுபட்டது எதற்கு? அக்கா வேண்டும் என்பதற்காகத்தானே இதெல்லாம். கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போய் அவரே வரிசையில் நின்றார்.

"உக்காருங்கம்மா. பேரு இன்னா?" என்று கேட்டார் அமுதம்.

ஆண்டாளம்மாள் நர்ஸைப் பார்க்கவில்லை. தம்பியின் வலது கையைப் பார்த்தாள். பிறகு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, "நாகம்மா" என்றாள்.

வரிசையில் இருந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

"இல்ல நர்ஸம்மா, ஆண்டாள். என் அக்கா. இது பேரு ஆண்டாள்" என்றார் பலராமன்.

"அவங்க நாகம்மான்றாங்களே."

"அக்கா சொல்லல. அது சொல்லுது."

அமுதம் நிமிர்ந்து பார்த்தார். கிழவியின் ரவிக்கைக் கையை மேலே சுருட்டினார். பழைய தழும்பு மஞ்சளாக, புதுசு சிவப்பாக, வரி மேல் வரியாக ஓடியது. மறு கையைப் பார்த்தார், அதுவும் அப்படித்தான். பஞ்சைப் பிடித்த விரல் மேலும் கீழும் இடம் தேடியது.

"ஊசி குத்த ஒரு விரக்கட எடமில்லையே. யாருய்யா அடிச்சது?"

"அக்காவ யாரும் அடிக்கலைங்க" என்றார் பலராமன். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நடந்ததை முழுசாகச் சொன்னார்.

அமுதம் சிரிக்கவில்லை. அவர் கழுத்திலேயே கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து தொங்கியது.

"சரி, பேயின்னே வச்சிக்குவோம். செத்தவளுக்குக் காலரா வராது. அப்ப நான் ஊசி போடறது யாருக்கு?"

"அக்காவுக்குத்தான்."

"குத்தினா யாருக்கு நோவும்?"

"அக்காவுக்கு."

"ஊசி குத்தினா அக்காவுக்கு நோவுது, வெளாறு பட்டா நாகம்மாவுக்கு நோவுது. ஒரே கைதானய்யா?"

இருசப்பன் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பான் என்று பலராமன் நினைத்தார்.

"இப்படி அடிபட்ட வயசானவங்கள்ல, இந்த மாசத்துல நான் பாக்கற மூணாவது ஆளு இவங்க" என்று அமுதம் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே தனக்குள் பேசுவது போலச் சொன்னார். "ஒருத்தங்க கெணத்தடியில வழுக்கிட்டாங்களாம். ஒரு பெரியவர மாடு முட்டிச்சாம். கன்னத்துல அஞ்சு வெரல் பதிஞ்சிருக்குது, எந்த மாட்டுக்கு அஞ்சு வெரலு? வாந்திபேதின்னா மேல எழுதறோம், கெணத்துக்கு மருந்து போடறோம், ஊசி வருது. இதுவுந்தான் ஊரு ஊரா இருக்குது. இதுக்கு இன்னா போடறதுன்னு எனக்குத் தெரியல."

தோளுக்குப் பின்னால் ஓரிடம் கிடைத்தது. குத்தினார். ஆண்டாளம்மாள் முனகக்கூட இல்லை.

"ராத்திரி ஜுரம் அடிக்கும். காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு வாங்க, டாக்டர் பாக்கட்டும். அதுவரைக்கும் கையத் தொடாதீங்க" என்றார் அமுதம். பிறகு, "யாரு கையா இருந்தாலும் சரி" என்றார்.

வீட்டுக்கு வந்தும் பலராமனுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கொல்லைக்குப் போனார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினார். அக்கா முன்பெல்லாம் தன் கையைப் பார்த்துப் பேசினாளா, முகத்தைப் பார்த்துப் பேசினாளா? முகத்தைப் பார்த்துத்தான். பேய் எதற்குக் கையைப் பார்க்க வேண்டும்? நர்ஸம்மா குழப்பி விட்டாளா, அல்லது இத்தனை நாள் தான் குழம்பிக் கிடந்தோமா? கஸ்தூரியிடம் கேட்டார். "எனக்கு மட்டும் இன்னா தெரியும்? நீங்களும் அந்த இருசப்பனுந்தான பேசனீங்க" என்று அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விளக்கு வைத்தார்கள். வழக்கம்போல விளாறு கதவு மூலையில் சாய்ந்திருந்தது. ஆண்டாளம்மாள் யாரும் சொல்லாமலே எழுந்து வந்து, கூடத்தின் நடுவில், வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். உடம்பு ஜுரத்தில் நடுங்கியது.

பலராமன் விளாற்றை எடுக்கவில்லை. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"யக்கா, உம் பேரு இன்னா?"

அவள் அவர் கையைப் பார்த்தாள். கை காலியாக இருந்தது அவளைக் கலவரப்படுத்தியது. மூலையில் இருந்த விளாற்றைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள்.

"நாகம்மான்னுதான சொல்லணும்? இன்னிக்கி வேற பேரா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எதச் சொன்னா வுடுவியோ அதச் சொல்லிக்குடு தம்பி. ஞாவகம் நிக்க மாட்டேங்குது" என்றாள்.

இத்தனை நாள் பேய் ஒத்துக்கொண்டது என்று பலராமன் நினைத்தாரே, இவள் மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறாள். அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"கஸ்தூரி, அமாவாசைக்கி அவன வரவேணாம்னு ஆள் அனுப்பு" என்றார். பிறகு அக்காவிடம் குனிந்தார். "ஆண்டாள்னு சொல்லுக்கா. உம் பேரு ஆண்டாள்."

அவள் உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"ஆண்டாள்" என்றாள். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோமா இல்லையா என்று தெரியாததால், இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்து காத்திருந்தாள்.