கெம்பிக்குப் பசியில்லை

...ஏங்குகிறதாம், ஏங்கட்டும், காலையில் வைத்த களி உருண்டை அப்படியே காய்ந்து கிடக்கிறது, மோந்துகூடப் பார்க்கவில்லை, நேற்றுச் சாயந்திரம் அவர் முட்டைக்கோஸ் லாரியோடு பெங்களூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினதிலிருந்து கெம்பி இப்படித்தான், கொட்டகை ஓரத்தில் படுத்துக்கொண்டு வேலிப் படலையே பார்த்தபடி... நானும்தான் பார்க்கிறேன், எனக்கு மட்டும் பசிக்கிறதே, ஒரு முழு உருண்டை தின்றேனே. கட்டினவளுக்கு இல்லாத உபவாசம் நாய்க்கு வந்துவிட்டது. நாளைக்கு வந்து இறங்குவார், இறங்கினதும் என்னையா பார்ப்பார், "ரா தல்லி, ரா" என்பார், வாம்மா என் தாயே என்று தெலுங்கில் கொஞ்சல், அது வாலால் வாசலையே கூட்டிவிடும். என்னிடம் பேச மட்டும் தமிழ், தண்ணி எடு, விளக்கு வை.

அது செல்லியின் பாஷை. எனக்கு முன்னால் இந்த வீட்டில் வாழ்ந்தவள், வேப்பனப்பள்ளிப் பக்கம், கல்யாணமாகி வரும்போது மடியில் போட்டுக்கொண்டு வந்த குட்டிதான் இந்தக் கெம்பி. அவள் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள், அவள் புடவைகளையும் பெட்டியையும் தாய்வீட்டார் எடுத்துப் போனார்கள், இதை மட்டும் ஏன் விட்டுப் போனார்கள்? குருபரப்பள்ளியில் பிறந்த எனக்குத் தெலுங்கு தெரியாதா என்ன, சந்தையில் நான் பேரம் பேசினால் தெலுங்குக்காரியே வாயைப் பிளப்பாள், ஆனால் இந்தப் படலுக்கு உள்ளே அதில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று ஒரு வைராக்கியம். செத்தவளிடம் என்னடி பொறாமை என்பார்கள்... உயிரோடு இருப்பவள் என்றால் சண்டையாவது போட்டுத் தீர்க்கலாம்.

என்ன சத்தம் அது, ஓங்கரிக்கிறது, கழுத்தை நீட்டி நீட்டி, ஒன்றும் வரவில்லை, நுரைதான். பாலுக்கு உறை கேட்டு வந்த அடுத்த வீட்டு நஞ்சம்மா கிண்ணத்தோடு அங்கேயே நின்றுவிட்டாள். "என்னா மாதம்மா, நாய் வவுறு இப்படி உப்பிக்கினு இருக்குது?" அவரு இல்லைன்னு சாப்புடாம கெடக்குது அக்கா என்றேன். "சாப்புடாத வவுறு ஒட்டுமா உப்புமாடி? எவ கண்ணு பட்டுச்சோ, காலடி மண்ணெடுத்துச் சுத்திப் போடு. கேக்கலைன்னா வண்டியில போட்டுக்கினு தளிச் சந்தைக்குப் போ, அங்க வர்ற ஓசூர் மாட்டு டாக்டரு உச்சிப்பொழுது வரைக்கும்தான் இருப்பாரு." உறையை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். ஒட்டுமா உப்புமா... இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? விடிந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், வயிற்றைப் பார்த்தேனா, இல்லை, அதன் கண் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றுதான் பார்த்தேன். சரி, மண் எடுக்கலாம், யார் காலடியில் எடுப்பது, இந்த வீட்டு நாயைக் கண்வைத்துப் பார்க்க யார் வருகிறார்கள்... குனிந்தேன், என் கை என் பெருவிரலடி மண்ணைத்தான் கிள்ளியது. சீ என்று உதறினேன்.

நாய்க்கு டாக்டரா, ஊர் சிரிக்காதா? எனக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகுக் கஷாயம் வெச்சுக் குடி என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போன மனிதர், எருது இதன் காலை மிதித்தபோது தோளில் தூக்கிக்கொண்டு அந்த டாக்டரிடம் ஓடினாரே, நான் ஏன் ஓட வேண்டும். பொழுது சாயட்டும், தானாக இறங்கிவிடும்... அப்பாவும் இப்படித்தான் சொன்னார், ஈரப் பயிரை மேய்ந்து மாடு உப்பினபோது, பொழுது சாயட்டும் என்று, பொழுதுக்கு முன்னால் மாடு சாய்ந்தது. அப்படியே ஆனால்தான் என்ன? யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, களி வைத்தேன், திங்கவில்லை, அவ்வளவுதான். அப்புறம் இந்த வீட்டில் தமிழ் மட்டும்தான் இருக்கும். அவர் வந்து இறங்குவார், ரா தல்லி என்பார், யாரும் வரமாட்டார்கள்... அப்போது என் முகத்தைப் பார்ப்பாரே, அந்த முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது, வெயில் கொட்டகைக் கூரைக்கு மேலே ஏறிவிட்டது, தளிச் சந்தைக்கு இப்போதே புறப்பட்டால்தான் உண்டு.

தோட்டத்துக்கு எருவடிக்கக் கிளம்பிய ஆஞ்சப்பன் வண்டியை மறித்தேன். "நாய்க்கா? அடுத்தாப்புல கோழிக்கும் ஊசி போடணுமா அம்மா?" என்று இளித்தான், சிரித்துக்கொள், வண்டியை மட்டும் நிறுத்து என்றேன். தூக்கப் போனால் பல்லைக் காட்டுகிறது, கெம்பி வா என்றால் அசையவில்லை, எழுந்திரு சனியனே என்றாலும் இல்லை, ஆஞ்சப்பன் கை வைக்கப் பயந்தான், பொழுது போகிறது, டாக்டர் பையை மூடிக்கொண்டிருப்பாரோ... அதன் முகத்தருகே குனிந்தேன், இத்தனை நாள் சொல்லாத வார்த்தை வெளியில் வந்துவிட்டது. ரா தல்லி. ரா.

கெம்பி தலையைத் தூக்கியது. முன்னங்கால்கள் நடுங்க எழுந்து நின்று, என்னைத் தாண்டி வீட்டு வாசலைப் பார்த்தது, வால் ஒருமுறை ஆடிற்று. அவர் வருகிற வழி படல் பக்கம் அல்லவா, இது ஏன் வாசலைப் பார்க்கிறது... இந்த வீட்டில் ஒரு பெண்குரல் இந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! நானும் திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. தள்ளாடிக்கொண்டு வந்தது, தூக்கவிட்டது, வண்டி நகர்ந்ததும் கனத்த தலையை என் மடியில் வைத்தது. வைத்தது என் மடியிலா? கேட்கவும் முடியாது, கேட்டால் பதில் சொல்லாது, குண்டும் குழியுமான தடத்தில் அதன் வயிறு வலிக்காமல் அணைத்துப் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லச் சொல்லாமலே, நான் மறுபடியும் சொன்னேன், ரா தல்லி, ரா...