எழுபத்தைந்துக்கு மூன்று பக்கம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். முழு பி.டி.எஃப்பையும் பிரிண்ட் கேட்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். வேண்டிய பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பதுதான் என் வழக்கம். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஜூலையில் இளையரசனேந்தலிலிருந்து மாரித்தாய் அக்கா வந்தார். எட்டாவதோடு நின்றவர். அடுத்த மே மாதம் அவர் ஊர் அங்கன்வாடியில் உதவியாளர் வேலை காலியாகிறது. பத்தாவது தேறியிருக்க வேண்டும், நாற்பது வயதைத் தாண்டக்கூடாது. அவருக்கு முப்பத்தொன்பது. வரும் தேர்வைத் தனித்தேர்வராக எழுதினால் உண்டு, விட்டால் இல்லை.

"மத்ததெல்லாம் எப்படியும் தேத்திருவேன். அறிவியல்தாம்மா பயமா இருக்கு. எதுல எத்தன கேள்வி வரும்னு கம்ப்யூட்டர்ல இருக்குமாமே?"

தேடினேன். தனித்தேர்வர்களுக்கான கோப்பு பதினாறு பக்கம் வந்தது. வினாத்தாள் அமைப்பு இருந்த மூன்று பக்கத்தை எடுத்தேன். எழுத்துத் தேர்வுக்கு எழுபத்தைந்து, செய்முறைக்கு இருபத்தைந்து என்றிருந்தது.

"இந்த இருபத்தஞ்சக் கண்டுக்காதீங்கக்கா. அது பள்ளிக்கூடத்துலயே போட்டுருவாங்க" என்றேன்.

எங்கள் பள்ளியில் அப்படித்தான் போட்டார்கள். லிட்மஸ் தாளைக் கையால் தொடாதவளுக்கும் இருபத்தைந்து விழுந்தது.

அக்கா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே படித்தார். ஏழு மதிப்பெண் கேள்விகளை மனப்பாடம் செய்தார். டிசம்பரில் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போனவர், போன வேகத்தில் என் கடைக்கு வந்தார்.

"செய்முறைப் பயிற்சிக்குப் போன சான்று கேக்காவம்மா. ஆகஸ்டுலயே பதிஞ்சிருக்கணுமாம்."

அதே கோப்பைத் திறந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. தனித்தேர்வர்கள் முன்பதிவு செய்து பயிற்சிக்குப் போனால்தான் தேர்வெழுத முடியும். கறுப்பு எழுத்தில், கட்டம் கட்டி.

"அக்கா, இது அன்னைக்கே இங்கன இருந்துச்சு. நான்தான் பாக்கல."

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் அழுதிருப்பேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருசம் எழுதலாமா?"

"எழுதலாம்."

"அதுக்குள்ள நாப்பது தாண்டிரும்லா" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அடுத்து நின்றவருக்கு ஆதார் அட்டையை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அதன்பிறகு பல வாரம் அப்படியே போயிற்று. சாப்பிட்டேன், தூங்கினேன், கடை திறந்தேன்.

மே மாதம் ப்ரியதர்ஷினி என்ற பெண் வந்தாள். அங்கன்வாடி உதவியாளர் விண்ணப்பம். ஊர் இளையரசனேந்தல் என்றாள். பதினான்கு பக்க அறிவிப்பை முழுதும் படித்தேன். இரண்டு முறை படித்தேன். சான்றுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஏற்றி அனுப்பினேன்.

"எங்க ஊர்லயே ஒரு பிரவுசிங் சென்டர் இருக்குக்கா" என்றாள் அவள். "மாரித்தாய் அக்காதான் ஒங்ககிட்டப் போகச் சொன்னாவ. இனிமே அந்தப் பிள்ள ஒரு பக்கத்தையும் படிக்காம விடமாட்டாள்னு சொன்னாவ."

அவளுக்கு ரசீதை எடுத்துக் கொடுத்தேன். அவள் போனதும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.