புதுக்கருக்கு அழியாமல்

என் மாமியார் வீட்டில் எந்தப் பொருளையும் வெறும் உடம்போடு விடமாட்டார். ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. பிரிட்ஜ் கதவில் கடையிலிருந்து வந்த தாள் அப்படியே இருக்கும். சோபாவில் உட்கார்ந்தால் சரசரக்கும். பழகிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

நான் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, கட்டப்போகும் கட்டடங்களைக் கணினியில் படமாகச் செய்து தருகிறேன். சொந்தமாகப் பிடித்த முதல் பெரிய வேலை ஒரு மருத்துவமனைப் படம். அன்று சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் வேறு ஆளிடம் போய்விடும் என்று வேலை கொடுத்த இன்ஜினியர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

முந்தின நாள்தான் கணினிக்குள் படங்களை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் ஃபேன்கள் கரகரத்ததால் மாற்றினேன். சூட்டைக் கடத்தும் பேஸ்டும் புதிது, மெமரி சில்லுகள்மேல் ஒட்டி அவற்றின் சூட்டை இழுக்கும் மெத்தென்ற பேட்களும் புதிது. பேட்களை வெட்டி ஒட்டியது மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுபவர். அவர் தையல்காரர், வெட்டினால் நூலளவும் பிசகாது. எனக்கோ கத்தரி பிடித்தால் கோணல்மாணல்தான்.

காலையில் மருத்துவமனைப் படத்தை உருவாக்கக் கணினியை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கார்டின் சூடு நூறு டிகிரியைத் தாண்டி, கணினி தானாக அணைந்தது.

"நான் கை வெச்சதாலயாம்மா?" என்றார் அத்தை.

"கொஞ்சம் சும்மா இருங்க அத்தை," என்று எரிந்து விழுந்தேன்.

அவர் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். தையல் மிஷின் சத்தம் மட்டும் வரவே இல்லை.

ஃபேன்கள் சுற்றின. கார்டைக் கழற்றி, பேஸ்டைத் துடைத்து மறுபடி தடவினேன். ஸ்க்ரூக்களை ஒரே சீராக முடுக்கினேன். மறுபடியும் அதே கதை. அப்புறம்தான் ஒவ்வொரு பாகத்தின் சூட்டையும் காட்டும் எண்களை நிதானமாகப் பார்த்தேன். நடுவிலிருக்கும் பெரிய சில்லு சமர்த்தாக இருந்தது, மெமரிதான் கொதித்தது. அப்படியானால் கோளாறு பேட்களில். ஆனால் கழற்றிப் பார்த்தபோது எல்லாம் அழகாக, பளபளவென்று உட்கார்ந்திருந்தனவே!

யாரும் பார்க்காமல் ஓடிய டிவி வேறு எரிச்சலைக் கிளப்பியது. அணைக்க ரிமோட்டை எடுத்தேன். வழக்கம்போல உறை வழுக்கியது, பட்டன் அழுந்தவில்லை. என் விரல் அங்கேயே நின்றது.

"அத்தை, அந்த பேட்ல மெல்லிசா ஒரு தாள் இருந்துச்சே, உரிச்சீங்களா?"

"அடிப்பக்கம் உரிச்சுத்தான் ஒட்டினேன். மேல இருக்கட்டும்னு விட்டுட்டேன். தூசி படும்ல."

அந்தத் தாள்தான் சூட்டை மறித்திருக்கிறது. கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்து, சிரிப்புதான் ஜெயித்தது. அவரே ஊசி முனையால் ஒவ்வொரு தாளாக உரித்தார். மாட்டி ஓடவிட்டோம். எண் ஏறியது, எண்பதுக்கு முன்னால் நின்றது, நின்றபடியே இருந்தது. அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது. இருட்டுவதற்கு முன் படமும் போய்ச் சேர்ந்தது.

கணினி நின்றுபோனதை மெசேஜில் சொல்லியிருந்ததால் கணவர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன். "என்னதான் ஆச்சு? யாரு சொதப்பினது?"

அத்தை ஊசியைக் கையிலேயே பிடித்தபடி நின்றார். காலையில் கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பேன்.

"ஒரு தாளை உரிக்க மறந்துட்டோம். அவ்வளவுதான்," என்றேன்.

அத்தை உள்ளே போனார். பக்கத்து அறையில் தையல் மிஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து நின்றது.

"மத்த உறையெல்லாம் உரிச்சுக்கோ, ரிமோட்டை மட்டும் விட்டுடும்மா," என்று குரல் வந்தது.