கடலுக்குப் பிடிக்காத காபி

கடற்கரையில் காபி வண்டி போட்ட முதல் வாரத்திலேயே கடல் அதற்கு வாடிக்கையாக வர ஆரம்பித்துவிட்டது. வண்டிக்காரர் அதற்கு முன்பு ஒரு பெரிய அலுவலகத்தில் லிஃப்ட் இயக்கிக்கொண்டிருந்தவர். லிஃப்ட் ஆளில்லாமல் ஓடப் பழகியதும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனாலும் லிஃப்ட்காரர் என்ற பெயர் அவரை விட்டு இறங்கவில்லை. அவர் மனைவி ஆஸ்பத்திரி கேன்டீனில் காபி போட்டவள் என்பதால் கேன்டீனம்மா. பழைய மூன்று சக்கர வண்டிக்குத் தகரக் கூரை, அடுப்பு, பாய்லர், பன்னும் பிஸ்கட்டும் வைக்கக் கண்ணாடி ஜாடிகள், வறுத்த கடலையில் தூவ மிளகாய்த்தூள் டப்பா, கோப்பை வைக்க முன்பக்கம் மடக்குப் பலகை என்று எல்லாவற்றையும் அவளே யோசித்து அமைத்தாள். லிஃப்ட்காரரின் பங்கு ஒரே ஒரு போர்டு. காபி பிடிக்கவில்லை என்றால் காசு வேண்டாம் என்று எழுதிக் கூரையில் மாட்டினார். “பாதிப் பேரு குடிச்சிட்டு வாயத் தொடச்சிட்டுப் போயிடுவாங்க” என்றாள் அவள். “உன் காபிய எவன் பிடிக்கலைன்னு சொல்லுவான்?” என்று அவர் ஏணியிலிருந்து இறங்கினார். வாய்ச்சவடாலில் அவரை மிஞ்ச ஆளில்லை.

முதல் நாள் பொங்கி வழிந்த காபியை அவள் அலையில் கொட்டினாள். கடலுக்கு நாக்கில் ருசி பட்டுவிட்டது போலிருக்கிறது. மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு அலை மட்டும் தனியாகப் பிரிந்து, வேட்டி அகலத்தில் மணலில் ஏறிவந்து, வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் எழுந்து நிற்கும். பலகையில் வைத்த கோப்பையைச் சரித்துக் குடிக்கும், சிப்பியோ பாசி பிடித்த கயிற்று முடிச்சோ விலையாக வைத்துவிட்டுத் திரும்பும். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு வரிசையில் அதற்கும் இடம்விட்டு நின்றார்கள். நகராட்சி ஆள் வந்து லைசென்ஸைப் பார்த்தார். யாருக்கு விற்கக்கூடாது என்று அதில் எதுவும் இல்லாததால் ஒரு பன்னைத் தின்றுவிட்டுப் போனார்.

அந்த வருஷ மழைக்கு முன்பு கடல் ஒரு விசில் வைத்துவிட்டுப் போனது. வாய் நுனி உடைந்த, சிவப்புக் கயிறு கட்டிய விசில். அதே விசில், அதே உடைசலோடு, பக்கத்தில் நின்று வறுத்த கடலை கொறித்துக்கொண்டிருந்த கடற்கரைக் காவலரின் கழுத்தில் தொங்கியது. அவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் கடலில் யாரையோ காப்பாற்றப் போனவர் திரும்பவில்லை. அதன்பின் ஒரு கோடு போட்ட துண்டு வந்தது. அதே துண்டைத் தோளில் போட்டிருந்தவனும் கடலில் போனான். கொண்டுபோகப்போகிற ஆளுக்குக் கடல் முன்பணம் கொடுக்கிறது என்பது கேன்டீனம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. காபிக்கு விலையாக அவள் எதை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள் என்பதும்தான்.

வண்டியை பஸ் நிறுத்தத்துக்கு மாற்றினார்கள். மதியத்துக்குள் சாலை வழியாகக் கடல் தேடிக்கொண்டு வந்துவிட்டது. ஜனங்கள் அரிசி மூட்டையையும் குழந்தைகளையும் கட்டில்மேல் ஏற்றினார்கள். கெஞ்சாத குறையாக, வண்டியைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொன்னார்கள். விட்டார்கள். மறுநாள் காலை பலகையில் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. இடது காதுக்கம்பியில் திருகாணிக்குப் பதில் செப்புக் கம்பி முறுக்கியிருந்தது. அந்த முறுக்கு லிஃப்ட்காரர் கைப்பட முறுக்கியது, அதே கண்ணாடி அவர் மூக்கிலும் இருந்தது.

அவள் அதைத் தொடவில்லை. அலை இன்னும் சக்கரத்தடியில்தான் நின்றது. கை போன போக்கில் இன்னொரு காபி கலந்தாள். முதலில் உப்பு டப்பாவைத்தான் எடுத்தாள். உப்பு போட்டால் கடலுக்கு வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கும் என்று தோன்றவே அதை வைத்துவிட்டு மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டாள். கடல் ஒரு வாய் குடித்தது. நின்றது. பிறகு கூரை உயரத்துக்கு எழும்பி, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி போர்டுக்கு நேராக வெகுநேரம் நின்றது. லிஃப்ட்காரர் அடுப்படியில் குந்திக் கண்ணை மூடிக்கொண்டார். பலகையிலிருந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடல் திரும்பிப் போனது.

மறுநாளும் கண்ணாடியோடுதான் வந்தது. அவளும் மிளகாய்த்தூளோடு காத்திருந்தாள். அப்படியே வருஷங்கள் ஓடின. கடல் வேறு யாருடைய பொருளையும் கொண்டுவரவில்லை, அந்தக் கண்ணாடி ஒன்றையே பிடிவாதமாகக் கொண்டுவந்தது. லிஃப்ட்காரர் வாளித் தண்ணீரில் குளிப்பதை விட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளப் பழகினார். தம்ளரில் தண்ணீர் குடிக்கும்போதுகூட அதற்குள் ஒருமுறை பார்ப்பார். ஒவ்வொரு விடியலிலும் அவள் முதலில் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் மிளகாய்த்தூள் குறைந்தால் மனுஷன் போய்விடுவார். இவ்வளவு பயத்திலும் மற்றவர்களுக்குப் போட்ட காபியில் ஒரு குறையும் வைக்கவில்லை, கூட்டம் பெருகியது.

ஒருமுறை அவளுக்குக் கண்ணைத் திறக்க முடியாத காய்ச்சல். வண்டி போகாவிட்டால் கடல் தெருவுக்கு வந்துவிடும். லிஃப்ட்காரர் தனியாகப் போனார். அத்தனை வருஷமும் டிகாஷனைத் தொட அவள் அவரை விட்டதில்லை. கலந்து பலகையில் வைத்தார், கடல் கோப்பையைத் தூக்கிய பிறகுதான் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறக்கவே இல்லை என்று பார்த்தார். கடல் ஒரு வாய் குடித்தது, குடித்ததை அப்படியே மணலில் துப்பியது, கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனது.

வீட்டுக்கு ஓடிவந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஒண்ணுமே போடல. சும்மா காபிதான் குடுத்தேன். துப்பிடுச்சு.”

“டிகாஷனத் தொடாதீங்கன்னு நான் எத்தனை வருஷமா சொல்றேன்” என்று அவள் காய்ச்சலோடு சிரித்தாள். உயிர் தப்பியவருக்கு முகம் சுருங்கிப்போனது.

அன்றிலிருந்து கடலுக்கான காபியை அவர்தான் போடுகிறார். பயம் போகவில்லை, ஆனால் ரோஷம் அதற்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டது. பாலை நேற்றைவிடக் கொஞ்சம் கவனமாகக் காய்ச்சுவார், பொடியை முகர்ந்து பார்த்துப் போடுவார். கெடுதலாகப் போடவேண்டும் என்று தெரிந்தும் கை கேட்பதில்லை. அவர் பன் ஜாடியை எடுக்கத் திரும்பும் சமயம் பார்த்து அவள் தினமும் ஒரு மடக்கு ருசித்துவிடுவாள். கழுநீர்தான். நிம்மதியாகப் பலகையில் வைப்பாள்.

போன மாதம் ஒரு காலையில் அப்படி ருசித்தவள் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு மடக்கு குடித்தாள். கேன்டீனில் இருந்த காலத்தில்கூட அவள் கைக்கு இப்படி ஒரு காபி வந்ததில்லை. அலை அதற்குள் பாதி மணல் ஏறியிருந்தது. சத்தமில்லாமல் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து, ஒரு கரண்டி போட்டுக் கலக்கி வைத்தாள். கடல் ஒரு வாய் குடித்தது, கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனது.

“இன்னைக்குமா பிடிக்கல?” என்றார் அவர்.

“உங்க கைக்குக் காபி வராதுங்க. விடுங்க” என்று சொல்லிவிட்டு, வரிசையில் அடுத்து நின்றவருக்குக் கோப்பையைக் கழுவினாள்.