பச்சை விளக்கு எரிந்த இடம்

வண்டி வாங்கிய அன்றே என் மாப்பிள்ளை எங்கள் வீட்டு வாசலில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை மாட்டிவிட்டார். வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உண்டு. இனிமேல் குடும்பமே அதில்தான் குடியிருக்குமாம், போகிற இடமெல்லாம் நம் இடமாம். வீட்டில் எனக்கு ஜன்னல் வைத்த தனி அறை இருந்தது. வண்டியில் எனக்கு ஒதுக்கியது ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு பரண். அதைத்தான் "மாமாவுக்கு மாடி போர்ஷன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

என் மகள் ஒரு நிபந்தனை போட்டாள். "ஒரு வாரம் இதுல இருந்து பாக்கலாம். சரிப்பட்டு வந்தா வீட்ட வித்துக்கலாம். இல்லேன்னா பலகைய கழட்டிரணும்."

என் அறையின் ஆயுள் அந்த ஒரு வாரத்தில் தொங்கியது.

மாப்பிள்ளை கணினிக்காரர். மழை பெய்கிறதா என்று பார்க்க ஜன்னலைத் திறக்காமல் போனைத் திறக்கிற ரகம். வண்டிச் சுவரில் ஒரு டேப்லெட்டைப் பதித்து, அதை டேஷ்போர்டு ஆக்கினார். தண்ணீர், பேட்டரி, கேஸ், வண்டியின் சாய்மானம், சகலமும் அதில் தெரியும். சாய்ந்து நின்றால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடுமாம். அதனால் சாய்மானம் பூஜ்ஜியமாகிப் பச்சை விளக்கு எரிந்தால்தான் ஃபிரிட்ஜ் ஓடும். ஃபிரிட்ஜோடு விட்டாரா? தண்ணீர் பம்பையும் அடுப்பையும் சேர்த்து அந்தப் பச்சை விளக்கின் கையில் ஒப்படைத்தார்.

பூஜ்ஜியம் எது என்று அந்தக் கருவிக்குச் சொல்லித்தருவதுதான் கடைசி வேலை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "யாரும் அசையாதீங்க!" என்று கத்திவிட்டுத் திரையைத் தொட்டார். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். பச்சை எரிந்தது.

எங்கள் தெருவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது சறுக்குமரத்துக்குத் தம்பி. என் மகள் கையிலிருந்து வெங்காயம் நழுவினால் அடிவாரத்துத் தையல்காரர் வீட்டுச் சட்டியில்தான் போய் விழும். போகிற வழியிலேயே தோலுரிந்துவிடுவதால் அவர் மனைவிக்கு எங்கள்மேல் தனிப் பிரியம்.

புறப்பட்டோம். முதலில் ஒரு கால்பந்து மைதானம். டேஷ்போர்டு சிவப்பு காட்டியது. மைதானம் சாய்ந்திருக்கிறதாம்.

"அப்ப கோல் போடறவன்லாம் இத்தன நாளா மலையேறியா போட்டுக்கிட்டிருந்தான், மாப்ள?"

"கண்ணால பாத்தா தெரியாது மாமா. சென்சார் சொல்லுது."

அடுத்து ஏரிக்கரை. அங்கேயும் சிவப்பு. ஏரித் தண்ணீரே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்று மாப்பிள்ளை கவலைப்பட்டார். மீன்களை நினைத்தும் கொஞ்சம் வருந்தினார்.

கடைசியில் பின்சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை அடுக்கி வண்டியை ஏற்றினார். பச்சை! பம்பு ஓடியது. பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்த தண்ணீர் வடிகால் ஓட்டைப் பக்கமே போகாமல் எதிர்மூலையில் குடியேறியது. பரணில் கண்ணயர்ந்த நான் விழித்தபோது ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, இது சாஞ்சிருக்குங்க."

"பூஜ்ஜியம் மாமா! உங்க காதுக்குள்ள இருக்கிற பேலன்ஸ் வயசாகிப் போச்சு. டாக்டர்ட்ட காட்டலாம்."

இதை அவர் ஃபிரிட்ஜ் கைப்பிடியில் தொங்கியபடி சொன்னார்.

"அப்ப எனக்கும் காதுதான் கோளாறா?" என்று முன்சீட்டுக்கு அடியிலிருந்து மகளின் குரல் வந்தது.

அன்றே கட்டைகள் நொறுங்கின. அதன்பின் உலகத்தில் நேரான இடம் எங்கே என்று தேடி அலைந்தோம். போன இடமெல்லாம் சிவப்பு. டீ இல்லை, குளியல் இல்லை. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார ஈக்களே யோசித்தன.

"ஏங்க, வீட்டுக்கு விடுங்க. குளிச்சிட்டாவது வரலாம்" என்றாள் மகள்.

வாசலில் வந்து நின்றதும் 'டிங்' என்றது. பச்சை.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா! எவ்ளோ துல்லியம்! வண்டியில ஒரு குறையும் இல்ல. உலகந்தான் கோணல்!"

மகள் கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது உருண்டது, தரையில் குதித்தது, திறந்திருந்த கதவு வழியே இறங்கித் தெருவோடு போனது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். சற்று நேரத்தில் கீழேயிருந்து தையல்காரர் மனைவி குரல் கொடுத்தார்.

"வந்துட்டீங்களா அக்கா?"

மாப்பிள்ளை வெங்காயம் போன வழியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி வழியைப் பார்த்தார். அதற்குள் மகள் இறங்கிப் போய்ப் பலகையைக் கழற்றி, வண்டி உருளாமலிருக்க முன்சக்கரத்துக்கு அடியில் செருகிவிட்டாள்.

நான் என் அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தேன். மாப்பிள்ளை வண்டிக்குள்ளேயே டீ போட்டுக்கொண்டிருந்தார். அந்த அடுப்பு எரிகிற ஒரே இடம் எங்கள் வாசல்தானே.

"மாமா, டீ குடிக்கிறீங்களா?" என்று சன்னமாகக் கேட்டார்.

"மாடி ஏற முடியாதுங்க மாப்ள. இப்படி ஜன்னல் வழியா நீட்டுங்க."