பட்டை கழற்றிய ஆறு சுருட்டுகள்

என் வீட்டுக்காரருக்குச் சுருட்டை எந்தப் பக்கம் பற்றவைக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. கொசுவத்திப் புகைக்கே இருமுகிற உடம்பு. ஆனால் அந்தக் கண்காட்சிக்குப் போன நாலு நாளும் மனிதர் சுருட்டைத் தவிர வேறெதையும் பேசவில்லை.

கண்காட்சி என்றால் வெளிநாட்டில் நடந்த தண்ணீர் பம்ப் கண்காட்சி. அவர் ஒரு பம்ப் கம்பெனியில் விற்பனை அதிகாரி. அவர் கம்பெனி டிக்கெட்டில் வந்தார், நான் என் சொந்தச் செலவில் ஒட்டிக்கொண்டேன். அவர் ஆபீசில் மேனேஜர் நாற்காலி காலியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு இவரும், இவர் வீட்டில் 'சொட்டை' என்றே குறிப்பிடும் இன்னொருவரும் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். போன தடவை வெளிநாடு போன சொட்டை, எம்.டி.க்கு ஒரு பேனா வாங்கி வந்து கொடுத்தாராம். எம்.டி. அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு மீட்டிங்குக்கு வந்தாராம். அன்றோடு இவருக்குத் தூக்கம் போயிற்று. இருபது வருடம் நல்ல பம்ப் விற்ற மனிதர், யாரோ வாங்கிக் கொடுத்த ஒரு பேனாவைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். எம்.டி. சுருட்டுப் பிரியர் என்பதால் இவர் சுருட்டால் ஐஸ் வைக்கப் போகிறாராம்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். நான் கிளியரிங் ஏஜென்ட். துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்குக்குச் சுங்கத் தாள்களை எழுதி, சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது என் வேலை. லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. அதை நம்பித்தான் என் பிழைப்பும், என் ஆபீசில் இருக்கும் இரண்டு பெண்களின் பிழைப்பும். லைசென்ஸ் வைத்திருப்பவர் பேரில் ஒரே ஒரு சுங்கக் குற்றம் பதிவானால் போதும், அது ஒரு கன்டெய்னரானாலும் ஒரு சுருட்டானாலும், லைசென்ஸ் ரத்து. பத்தொன்பது வருடமாக இதை நான் சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறேன். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார்.

ஓட்டலுக்குப் பக்கத்தில் ஒரு புகையிலைக் கடை இருந்தது. கடைக்காரர் ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு சுருட்டின் இடுப்பிலும் சிவப்பும் தங்கமுமாக ஒரு காகிதப் பட்டை. பட்டையில் இருந்த நாட்டின் பெயரைப் படித்ததுமே இவரை ஓரமாக இழுத்தேன். அந்த நாட்டுக்கும் எங்கள் அரசாங்கத்துக்கும் ஆகாது. அங்கிருந்து ஒரு குண்டூசி வந்தாலும் தடை. மற்ற நாட்டுச் சுருட்டு என்றால் ஐம்பது வரை தாராளமாகக் கொண்டுவரலாம்.

"இது வேணாங்க. அந்தப் பக்கத்துப் பெட்டியில இருக்கறத வாங்குங்க, அதுக்குத் தடை இல்ல," என்றேன்.

"எம்.டி. பட்டையப் பாத்தே ஆளை எடை போட்டுடுவாரு. இதுதான் அவரு கேக்கற சரக்கு."

"அப்ப எதுவுமே வேணாம். சாக்லேட் வாங்கிக் குடுங்க."

"சரி விடு," என்றார்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இவர் எதையும் முதல் தடவையிலேயே விட்ட ஆளில்லை.

திரும்பி வரும் விமானத்திலேயே எனக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்தது. நாள் கணக்கு எனக்குத் தப்பாது. அதனால் ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒரு புது நாப்கின் பொட்டலத்தைக் கைப்பையில் வைத்திருந்தேன். இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு, பெட்டி வரும் பெல்ட் பக்கம் அவரை நிற்கச் சொல்லிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன்.

பொட்டலத்தின் வாய் டேப் போட்டு ஒட்டியிருந்தது. பிரித்துக் கையை விட்டால் மெத்தென்று எதுவும் அகப்படவில்லை. டிஷ்யூ காகிதத்தில் சுற்றிய ஆறு சுருட்டுகள் வந்தன. எந்தச் சுருட்டிலும் பட்டை இல்லை. நாப்கின் ஒன்றுகூட இல்லை. அந்த டேப்பை எவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தார் தெரியுமா? வீட்டில் ஒரு உடைந்த சுவிட்சை ஒட்டித் தரச் சொல்லி ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சின்ன அறைக்குள் நின்றுகொண்டு கழிப்பறைக் காகிதத்தை உருவி உருவி, மடித்து மடித்து வைத்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. இப்படிப்பட்ட ஆளுக்கா இத்தனை வருடம் சட்டையை இஸ்திரி போட்டேன் என்றுதான் ஆத்திரம் வந்தது.

சுருட்டை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டிருக்கலாமே என்று தோன்றும். வருகைக் கூடத்துக் குப்பை சுங்கத்தின் கண்ணில் படாமல் வெளியே போகாது. தொட்டியில் போட்ட ஆளைக் கேமராவில் தேடிப் பிடித்த கதை எனக்கே தெரியும். அதன் பெயர் ஒளித்தல். சுங்கத்தில் காட்ட எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நடந்தால், என்னிடம் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்ததற்குச் சமம். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நாமாகச் சிவப்பு வழிக்குப் போய்ச் சொல்லிவிட்டால், பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவார்கள். இதுதான் சட்டம். எனக்கு இருந்தது அந்த ஒரே வழி.

பெல்ட் பக்கம் போய் அவர் காதருகே கேட்டேன்.

"என் நாப்கின் எங்க?"

பெட்டியைத் தூக்கப் போன கை அப்படியே நின்றது. "மெதுவாப் பேசு."

"எங்கன்னு கேட்டேன்."

"ஓட்டல்லயே போட்டுட்டேன். போற வழியில புதுசா வாங்கிக்கலாம். ஆம்பள ஆபீசர் எவனும் அந்தப் பொட்டலத்தத் தொடமாட்டான், அதான். அதுவும் உன்ன யாரு சோதனை போடப் போறா? எல்லாரும் உனக்குத் தெரிஞ்சவங்கதான?"

"என் லைசென்ஸ்?"

"பட்டையெல்லாம் கழட்டிட்டேன்ல. எந்த நாட்டுச் சரக்குன்னு எவனாலயும் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய்த் திரும்ப ஒட்டிக்கலாம். நீ சும்மா கூட நடந்து வா, போதும்."

நான் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினேன். "சரி. உங்க பையில வச்சுக்கிட்டு நீங்களே நடங்க. நான் பின்னாடி வரேன்."

அவர் தீயைத் தொட்டவர்போலக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "உனக்கென்ன பைத்தியமா? கம்பெனி டிக்கெட்ல வந்திருக்கேன். மாட்டினா என் பேரு என்ன ஆகறது?"

அவருக்குப் பேர் இருக்கிறதாம். எனக்கு இருப்பது பை மட்டும்தான் போலிருக்கிறது. பொட்டலத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நான் சிவப்பு வழியைப் பார்த்து நடந்தேன்.

அங்கே மேஜையில் இருந்த அதிகாரியை எனக்குத் தெரியும். துறைமுகத்தில் இருந்தபோது ஐந்து வருடம் என் தாள்களைத் துருவித் துருவிப் பார்த்தவர். ஒரு புள்ளி தப்பினாலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் ஆபீசில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. பக்கத்தில் ஒரு பெண் காவலர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மா. உங்கள இந்தப் பக்கம் பாத்ததே இல்லையே," என்றார் பூதக்கண்ணாடி.

"ஆறு சுருட்டு இருக்கு சார். தடை போட்ட நாட்டுச் சரக்கா இருக்கும்னு நினைக்கறேன். நான் வாங்கல. என் பையில இருந்தத இப்பதான் பாத்தேன்."

ஆறையும் வெளியே எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து உருட்டினார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பட்டை இல்லையே. பெட்டியோ பில்லோ இருக்கா?"

"எதுவும் இல்ல சார்."

"பட்டையும் இல்ல, பில்லும் இல்ல. எந்த நாடுன்னு நான் எத வச்சு எழுதறது? நீங்க நினைக்கறத எல்லாம் எழுத முடியாது. எனக்கென்னமோ இது அசல் மாதிரியே தெரியல. காஞ்சு போன மட்ட சரக்கு. வாங்கினவர் தலையில யாரோ நல்லா மிளகா அரைச்சிருக்காங்க. நாடு தெரியாத சுருட்டு, அளவுக்கு உட்பட்டதுன்னு எழுதிடறேன். எடுத்துட்டுப் போங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டேன், அதிகாரியே பார்த்து விட்டுவிட்டார், என் பேரில் ஒரு கீறல் இல்லை. வீட்டுக்குப் போனதும் ஆறையும் அம்மிக்கல்லில் வைத்து நசுக்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன்.

இவர் எப்போதோ என் பின்னால் வந்து நின்றிருந்தார். சுருட்டைத் தனியே விட மனம் வரவில்லை. ஒரே ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் சுருட்டும் அவருடையது, நாற்காலியும் ஒருவேளை அவருடையது. ஆனால் 'மட்ட சரக்கு' என்ற சொல் காதில் விழுந்துவிட்டதே. கத்தரிக்காய் வாங்கினாலும் தன்னை எவனும் ஏமாற்ற முடியாது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வருகிற ஜென்மம் அது.

"மட்ட சரக்கா? சார், உங்களுக்குச் சுருட்டப் பத்தித் தெரியுமா?"

"ஏங்க, வாங்க போலாம்," என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இரு. என்ன ஏமாந்தவன்னு சொல்றாரு, பாத்துட்டு நிக்கற." சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். திறந்தார். சிவப்பும் தங்கமுமாக ஆறு பட்டைகள், ஒன்றுகூடக் கிழியாமல். மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "இப்பச் சொல்லுங்க சார். இது மட்டமா?"

பூதக்கண்ணாடி பட்டைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து இவரைப் பார்த்தார்.

"இல்ல சார். சுத்த அசல். தப்பு என் மேலதான்," என்று சொல்லிவிட்டு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை உருவினார். "பட்டையக் கழட்டினது யாரு?"

அப்போதுதான் இவருக்குத் தான் என்ன செய்தோம் என்பது மண்டைக்குள் இறங்கியது. திருதிருவென்று விழித்தார். என்னைப் பார்த்தார், பெண் காவலரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"நான்தான் சார். ஆனா இவளுக்கும் தெரியும். இந்தச் சட்டமெல்லாம் இவளுக்குத்தான சார் தெரியும். நான் பம்ப் விக்கறவன், எனக்கென்ன தெரியும்?"

பூதக்கண்ணாடியின் பேனா நின்றுவிட்டது. என் காதில் ஆபீஸ் ஷட்டரை இறக்குகிற சத்தம் கேட்டது.

"அம்மா, இவர் இப்படிச் சொன்னா நான் இப்படித்தான் எழுதணும். உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

இது மாதிரிக் கேள்விக்கு என்னென்ன பதில் எழுதலாம் என்று இறக்குமதிக்காரர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். கைப்பையைத் திறந்து, காலியான அந்த நாப்கின் பொட்டலத்தை எடுத்துப் பட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"சுருட்டு இதுக்குள்ளதான் இருந்தது சார். இதுல இருந்த நாப்கினை எல்லாம் எடுத்து எறிஞ்சிட்டு இவர் உள்ள வச்சிருக்காரு. எனக்கு இன்னிக்கு நாள். முன்னாடியே தெரிஞ்சிருந்தா, ஒண்ணுகூட இல்லாம எந்தப் பொம்பளையாவது விமானம் ஏறுவாளா? அரை மணி நேரமா கழிப்பறைக் காகிதத்த வச்சுக்கிட்டு உங்க முன்னாடி நிக்கறேன்."

இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "என்ன பேச்சு இது, நாலு பேருக்கு முன்னாடி," என்று முனகினார். பூதக்கண்ணாடி பேனாவை மூடி வைத்தார். பெண் காவலர் தன் பையைத் திறந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, "போயிட்டு வாங்கக்கா," என்றார்.

"போயிட்டு வாங்கம்மா. நீங்க முதல்லயே வந்து சொன்னதத்தான் எழுதறேன். உங்க வாக்குமூலம் ஒண்ணு வேணும், அவ்வளவுதான்," என்றார் பூதக்கண்ணாடி.

நான் கழிப்பறையிலிருந்து திரும்பி வந்தபோது இவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கான படிவம் அவர் மடியில் கிடந்தது. கம்பெனி முகவரி கேட்கும் கட்டத்துக்கு மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குரலை இறக்கினார்.

"உனக்குத்தான் இந்தப் பாஷையெல்லாம் வரும். உன்னோடதுல எனக்குச் சாதகமா ரெண்டு வரி எழுதிடு. புருஷன், ஏதோ தெரியாம செஞ்சுட்டாருன்னு எழுது. உன் பேச்சுன்னா இவரு கேப்பாரு."

நான் நின்றபடியே என் வாக்குமூலப் படிவத்தை நிரப்பினேன். எத்தனை சுருட்டு என்ற கேள்விக்கு ஆறு என்று எழுதினேன். எதில் இருந்தது என்ற கேள்விக்கு உள்ளதை எழுதினேன். வைத்தவர் யார் என்ற இடத்தில் இவர் பெயரை, பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி ஓர் எழுத்துத் தப்பாமல் எழுதினேன். கடைசியாக, அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு 'அதே விமானத்தில் வந்த பயணி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பூதக்கண்ணாடி தாளை வாங்கி மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தார். ஸ்டூலில் இருந்தவரை ஒரு தடவை பார்த்தார். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, முத்திரையை எடுத்துக் குத்தினார்.