கதவிலிருந்த பெயர்

"அடுத்த வருஷம் ஊருக்குக் கிளம்பிடுவோம்" என்று ஒருவன் சொன்னால் நம்பலாம். இரண்டாம் வருஷமும் அதையே சொன்னால், பாவம், ஏதோ இழுபறி என்று விட்டுவிடலாம். இருபத்தோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருப்பவனை என்ன செய்வது? நம்ம பல்செட்டு அப்படிப்பட்ட ஆசாமி.

பல்செட்டு என்பது அந்த வெளிநாட்டு ஊரிலிருந்த நம்மவர்கள் வைத்த பெயர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்யும் பட்டறையில் அவருக்கு வேலை. பிளாஸ்டர் அச்சின் மேல் இளஞ்சிவப்பு மெழுகை இழைத்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றோடொன்று ஒழுங்காகக் கடிக்கிறதா என்று விளக்கடியில் குனிந்து பார்த்தபடி நாள் பூராவும் உட்கார்ந்திருப்பார். அந்த ஊர்க் கிழவர்களில் பாதிப்பேர் அவர் செய்த பல்லால்தான் மென்றார்கள். "இந்த வெளிநாட்டுக்காரனெல்லாம் எதுக்கு இங்க வந்து குவியறான்" என்று திட்டியதும் அதே பல்லால்தான். பல் போனால் சொல் போச்சு என்பார்களே, அவர்களுக்குப் போன சொல்லைத் திருப்பிக் கொடுத்த புண்ணியவான் இவர்.

அவர் குடியிருந்தது மூன்றாம் மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. அவருக்கு முன்னால் அங்கே நம்மவர் ஒருவர் இருந்தார். குடியுரிமையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சொந்த ஊரில் வீடும் வாங்கிவைத்துவிட்டு, நல்ல நேரம் பார்த்து மூட்டை கட்டியவர். போகத் தெரிந்தவன் பிழைத்தான் என்று எல்லோரும் வயிறெரிந்து பேசியதில் அவருக்குக் கெட்டிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கிளம்புகிற அன்றைக்குக் கட்டில், பீரோ, ஒரு கால் குட்டையான மேஜை, ஜன்னல் திரை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுச் சாவியைப் பல்செட்டு கையில் கொடுத்தார்.

கட்டடத்தை நிர்வகிக்கிற வீட்டு ஆபீசுக்குப் போய் வாடகைக்காரர் பெயரை மாற்ற வேண்டாமா என்று பல்செட்டு கேட்டார். கேட்கத்தான் செய்தார், அதை மறுக்கக்கூடாது.

"எதுக்குத் தம்பி அலைச்சல்? எத்தனை நாள் இருக்கப்போற?"

"அடுத்த வருஷம் வரைக்கும்தான் அண்ணே."

"அப்புறம் என்ன?"

அதோடு பேச்சு முடிந்தது. கதவிலிருந்த பெயர்ப்பலகை, கீழே தபால்பெட்டி, வாடகை ரசீது, மின்சாரக் கணக்கு எல்லாம் கெட்டிக்காரர் பெயரிலேயே ஓடின. பதிவுத் தபால் வந்தால் பல்செட்டு அவர் பெயரில் கையெழுத்துப் போட்டு வாங்குவார். மாடிப்படியில் எதிர்ப்படும் அண்டைவீட்டு அம்மாள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைப்பாள். முதல் ஆறு மாசம் திருத்தினார். பிறகு நாக்கு தேய்வதுதான் மிச்சம் என்று பதில் வணக்கம் வைக்க ஆரம்பித்தார். வருஷா வருஷம் தங்கும் அனுமதி புதுப்பிக்கும்போது, முகவரிக் கட்டத்தில் 'இன்னார் வீட்டில் விருந்தினராக' என்று எழுதுவார். இருபத்தோரு வருஷம் விருந்து! ராஜா வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட அப்படி நடந்திருக்காது.

மனைவிக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. வந்த முதல் வாரமே அவள் அந்த ஜன்னல் திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பழுப்பு நிறத்தில், தட்டு தட்டாகப் பூப்போட்ட திரை. மாற்றலாமா என்றாள். போறவனுக்கு எதுக்குப் புதுத்திரை என்றார் அவர். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்றாலும், மேஜைக் காலைச் சரிபண்ணலாமா என்றாலும் அதே பதில்தான். உடுப்பெல்லாம் பாதிக்குமேல் கட்டிலடியில் பெட்டியிலேயே கிடந்தது. பெண் பிறந்து நாலு வயதானபோது, இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டாள். "அதையெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார் மனிதர். அதற்கப்புறம் அவள் எதையும் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அதை நினைத்தால் எனக்கே அந்த ஆளைப் பிடித்து நாலு அறை விடலாம்போல இருக்கிறது.

சமையலறை வாசல்காலில் பென்சில் கோடுகள் இருந்தன. கெட்டிக்காரர் தன் மகனை நிற்கவைத்து வருஷா வருஷம் உயரம் குறித்தது. ஏழு கோடு, பக்கத்தில் தேதி. பல்செட்டின் பெண் ஆறு வயதில் அதன் பக்கத்தில் போய் முதுகை ஒட்டி நின்று, "எனக்கும் போடுப்பா" என்றாள். அடுத்தவங்க வீட்டு நிலையில் கிறுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் தானே ஸ்டூலில் ஏறி ஒரு கோடு போட்டுக்கொண்டாள். மறுநாள் அதை ரப்பரால் அழித்தார். அந்த ஏழு கோட்டை மட்டும் தொடவில்லை. அது அவர்கள் வீட்டுச் சொத்தாயிற்றே!

போன வருஷம் அவர் மட்டும் ஒரு மாசம் சொந்த ஊர் போனார். தனியாகப் பட்டறை வைக்க இடம் பார்ப்பதாகத் திட்டம். தங்கை வீட்டுப் படியேறினார். தண்ணீர்ச் செம்பை வாங்கி வாயில் வைப்பதற்குள், "எப்ப கிளம்பறீங்க அண்ணா?" என்றாள். குற்றமாகக் கேட்கவில்லை, பாசமாகத்தான் கேட்டாள். கடைக்காரர் கேட்டார். கூடப்படித்தவன் கேட்டான். பட்டறைக்கு இடம் காட்டிய தரகர்கூட, "சார் எப்ப ரிட்டர்ன்?" என்றார். இரண்டாவது வாரமே அவர் படுத்திருந்த அறையில் தங்கை மகனுக்கு மேஜை வந்து இறங்கியது. திரும்பிவந்தவர் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து 'அடுத்த வருஷம்' என்ற பேச்சும் வரவில்லை. மனைவி கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

இந்த நேரத்தில்தான் வீட்டு ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. பெண்தான் வாசித்துச் சொன்னாள். கட்டடம் கைமாறப் போகிறது. பதினைந்து வருஷத்துக்கு மேல் குடியிருப்பவர்கள் மாசக் கடைசிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் ஆயுசுக்கும் அதே வாடகைக்கு இருக்கலாம். இல்லையென்றால் காலி செய்ய வேண்டும்.

மூன்று பேரும் குட்டைக்கால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெண், தனக்குப் போவதற்கு வேறு ஊர் எதுவும் தெரியாது என்றாள். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்செட்டு வெகுநேரம் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருந்துடலாம்" என்றார்.

மனைவி எழுந்து போய் அளவுநாடாவை எடுத்துவந்து ஜன்னலை அளந்தாள். மறுநாளே வெளிர்பச்சையில் ஐந்து மீட்டர் துணி வாங்கிவந்தாள்.

அவர் அரைநாள் விடுப்புப் போட்டு, வெள்ளைச்சட்டை மாட்டிக்கொண்டு வீட்டு ஆபீஸ் போனார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்மணி கணினியைத் தட்டிப் பார்த்தாள், இவர் அடையாள அட்டையைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள். அந்த வீட்டில் இருப்பது வேறு ஆளாயிற்றே என்றாள். இருபத்தோரு வருஷமாக நான்தான் இருக்கிறேன் என்று இவர் தெரிந்த பாஷையில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். வாடகை ஒருநாள் பிந்தாமல் கட்டியது கெட்டிக்காரர். போன வாரக் கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் கெட்டிக்காரர். அது தன் கையெழுத்துதான் என்று இவருக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோசனம்? அடுத்தவன் பெயரில் இருபத்தோரு வருஷம் பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று அந்தக் கண்ணாடி முன்னால் நின்று சொல்ல முடியுமா?

மிக நல்ல வாடகைதாரர், ஒரு புகார்கூட இல்லை என்று மெச்சிக்கொண்டாள் அவள். பிறகு, நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். விருந்தாளி என்றார் பல்செட்டு. அனுமதிச்சீட்டிலும் அப்படித்தானே இருந்தது.

அப்படியானால் அவர் நேரில் வரட்டும், வந்து தன் உரிமையை உங்கள் பெயருக்கு எழுதிக்கொடுத்தால் மாற்றித் தருகிறோம் என்றாள்.

அன்று மாலையே கெட்டிக்காரருக்குப் போன் போட்டார். வருஷத்துக்கு ஒருமுறை பேசுகிற பழக்கம் உண்டு. விஷயத்தைச் சொல்லி முடித்தார். கெட்டிக்காரர், சமையலறைக் குழாயைத் திறந்தால் இன்னும் டக்டக் என்று அடிக்கிறதா என்று கேட்டார். படுக்கையறை ஜன்னல்வழியே அந்த மரம் தெரிகிறதா என்று கேட்டார். எல்லாம் இருக்கிறது என்றார் பல்செட்டு.

"நானே வந்து கையெழுத்துப் போடறேன் தம்பி. நீ கவலைப்படாத" என்றார் கெட்டிக்காரர்.

தங்கமான மனுஷன், கேட்ட வாய் மூடுவதற்குள் வருகிறேன் என்றுவிட்டார் என்று பல்செட்டு வீட்டில் புகழ்ந்து தள்ளினார். விமானச் சீட்டுக்குப் பாதி தருவதாகச் சொன்னதைக்கூட அவர் வேண்டாமென்றுவிட்டாராம். மனைவிக்கும் அன்றைக்கு முகம் தெளிந்திருந்தது. துணியை மேஜைமேல் விரித்து, எங்கே வெட்டுவது என்று சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். அண்ணன் வந்து போகட்டும், அவர் கண்முன்னால் அவர் திரையைக் கழற்றுவது மரியாதையில்லை என்று வெட்டாமல் வைத்தாள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கெட்டிக்காரர் வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. கதவில் தன் பெயரைப் பார்த்ததும் அதை விரலால் ஒருதரம் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். பின்னாலேயே பெரிய பெட்டி இரண்டு வந்தது. ஒரு கையெழுத்துக்கு இரண்டு பெட்டியா என்று மனைவி கணவனைப் பார்த்தாள். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, விருந்தாளிக்கு நாற்காலியை இழுத்துப்போடுவதில் மும்முரமாக இருந்தார்.

கெட்டிக்காரர் உட்காரவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனார். சுவரைப் பார்க்காமலே கையை நீட்டி விளக்கைப் போட்டார். குழாயைத் திறந்து, அது டக்டக் என்றதும் சிரித்தார். திரும்பும்போது வாசல்கால் கண்ணில் பட்டது. குனிந்து அந்த ஏழு கோட்டையும் ஒவ்வொன்றாகத் தடவினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"எல்லாம் அப்படியே வச்சிருக்கீங்களே! திரைகூட அதே திரை. என் பொண்டாட்டி தச்சது அது. எனக்காகவே காத்து வச்ச மாதிரி இருக்கு தம்பி."

அதற்கப்புறம்தான் மற்றது வெளியே வந்தது. அவர் மனைவி காலமாகி மூன்று வருஷம். மகன் வேறொரு தேசத்தில். தெருவில் இன்னும் அவரை வெளிநாட்டுக்காரர் என்றுதான் சொல்கிறார்களாம், இருபத்தோரு வருஷம் கழித்தும். போன் வந்த அன்று ராத்திரியே வீட்டை விற்க ஆள் பார்த்துவிட்டார். நாளைக்கு ஆபீஸ் போய்த் தன் பெயரிலேயே கையெழுத்துப் போடப் போகிறார்.

"அண்ணே, இத்தனை வருஷம் வாடகை கட்டி இருந்தது நான்..." என்று ஆரம்பித்தார் பல்செட்டு.

கெட்டிக்காரருக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நான் உன்னை ஏமாத்தினேனா தம்பி? ஒவ்வொரு தடவை பேசும்போதும் போறேன் போறேன்னு சொன்னது நீதானே? காலியாகப் போற வீடுன்னுதானே நெனச்சேன்" என்றார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதையாக இருக்கிறதே என்று பல்செட்டுக்கு ஒரு கணம் வாய்வரை வந்தது. இதில் ஒண்ட வந்தது யார் என்று யோசித்ததும் அதையும் விழுங்கிவிட்டார்.

"அவசரமே இல்ல" என்றார் கெட்டிக்காரர், அவர் தோளில் கைவைத்து, பாசமாக. "இருந்து மெதுவாப் போங்க. எப்ப கிளம்பறீங்க?"

பல்செட்டின் வாயிலிருந்து, இருபத்தோரு வருஷப் பழக்கதோஷம், "அடுத்த..." என்று வந்தது. மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

மனைவி மேஜைமேல் கிடந்த பச்சைத்துணியை எடுத்தாள். போட்ட சாக்குக்கோட்டைத் தட்டிவிட்டாள். ஆஸ்பத்திரி விரிப்பை மடிக்கிற மாதிரி நுனியோடு நுனி சேர்த்து மடித்து, கட்டிலடியிலிருந்த பெட்டியை இழுத்து, எல்லாவற்றுக்கும் மேலாக வைத்து மூடினாள். அது என்னம்மா என்று கெட்டிக்காரர் விசாரித்தார்.

"ஒண்ணுமில்லண்ணே. வீடு அப்படியே இருக்குன்னீங்களே, அதுக்குக் காரணம் இருக்கு" என்றாள். கணவனைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாங்க இன்னும் இங்க குடியே வரலை."